வட்டார நாடகக் குழுவின் அடுத்த பருவம்: நான்கு இசைநாடகங்கள், எத்தனை வாத்தியக் கலைஞர்கள்?

நாலாம்வரிசை எழுதியது:

நம் வட்டார நாடகக் குழு அடுத்த பருவத்துக்கான நான்கு இசைநாடகங்களை அறிவித்துவிட்டது. தொடக்கமாக ராட்ஜர்ஸ், ஹேமர்ஸ்டைன் இணையரின் ‘ஓக்லஹோமா!’ வருகிறது. அதையடுத்து இரண்டே நடிகர்கள் நடிக்கும் ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’, மூன்றாவதாக ஸ்டீபன் சோன்ட்ஹைமின் ‘ஸ்வீனி டாட்’, நிறைவாகக் குழுவே எழுதச் சொல்லியிருக்கும், இன்னும் தலைப்பிடப்படாத ஒரு புதிய படைப்பு. 1943, 2001, 1979 எனக் காலத்தாலும், பெருங்கூட்டம், இருவர், மீண்டும் பெருங்கூட்டம் என அளவாலும் வேறுபட்ட மூன்று நாடகங்களோடு இதுவரை எவரும் கேட்டிராத ஒன்றையும் ஒரே பருவத்துக்குள் வைத்திருப்பது துணிச்சலான தேர்வு. கடந்த சில பருவங்களாகத் திரைப்படப் புகழை நம்பிய தலைப்புகளே தொடர்ந்து வந்துகொண்டிருந்த நிலையில், இசையின் தரத்தை முன்னிறுத்தித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்பதை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் அறிவிப்பை வரிவரியாகப் படித்தபோது ஒரு செய்தி எங்கும் இல்லாதது தெரிந்தது. இயக்குநர்கள், நடன அமைப்பாளர்கள், அரங்க வடிவமைப்பாளர்கள் ஆகியோரின் பெயர்களெல்லாம் உள்ளன. ஒவ்வொரு நாடகத்துக்கும் எத்தனை வாத்தியக் கலைஞர்கள் நேரில் வாசிப்பார்கள், எந்த வாத்திய அமைப்பு, அதாவது எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதப்பட்ட எந்த வடிவம், பயன்படுத்தப்படும் என்ற விவரம் மட்டும் இல்லை. முழுப் பருவத்துக்கும் முன்கூட்டியே சந்தா கட்டும் பார்வையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே என்று கருதுகிறேன். இந்த நான்கு நாடகங்களும் வெற்றி பெறுமா என்பதைத் தலைப்புகளின் புகழைவிட, மேடைக்கு முன்னால் இசைக்குழு அமரும் பள்ளத்தில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானிக்கும். அரங்கத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல்வயலின் எழுதியது:

நண்பர் நாலாம்வரிசை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் பல ஆண்டுகளாக இசைநாடகங்களுக்கு வயலின் வாசித்து வருகிறேன். குழு வெளியிடாத எண்களை ஊகிக்காமல், நாடகங்களின் மூல வடிவம் என்ன கேட்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

‘ஓக்லஹோமா!’ 1943 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் தொடங்கி, 2,212 காட்சிகள் நடந்தது. அதன் வாத்திய அமைப்பை எழுதியவர் ராபர்ட் ரஸல் பென்னட். நியூயார்க்கின் முதன்மை அரங்க வட்டாரமான பிராட்வேயில் அக்காலத்து நாடகங்களுக்குப் பொதுவாக 25-க்கும் மேற்பட்ட கலைஞர்கள் அமர்வது வழக்கம். அவர்களில் பெரும்பகுதியினர் தந்திவாத்தியக்காரர்கள். பென்னட்டின் எழுத்தில் தந்திகள் பாடலுக்குப் பின்னால் பாய் விரிப்பவை மட்டும் அல்ல. பாத்திரம் சொல்லாமல் விட்டதைச் சொல்லி முடிப்பவையும் அவையே. அந்தப் பகுதியை ஒரு வயலினும் ஒரு செல்லோவும் ஒரு கீபோர்டும் ஏற்கும்போது சுரங்கள் எல்லாம் இருக்கும், அவற்றின் எடை இருக்காது. ஒரே வரியை எட்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவருடைய சுருதியிலும் வில்லின் அழுத்தத்திலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் ஒன்றுகூடி ஓர் அகலம் பிறக்கிறது. மின்னணுத் தந்தியொலி அந்த அகலத்தைப் போலியாகவே தர முடியும். மெதுவான பாடல்களில் அந்தப் போலித்தன்மை உடனே வெளிப்பட்டுவிடும்.

‘ஸ்வீனி டாட்’ இன்னும் கடுமையானது. 1979-இல் ஜோனதன் டியூனிக் அதை 26 கலைஞர்களுக்காக அமைத்தார். 2023-இல் பிராட்வேயில் மீண்டும் மேடையேறியபோது அதே 26 பேர் அமைப்பை மீட்டெடுத்ததே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. நாடகத்தின் பெரும்பகுதி பாட்டாகவோ இசையின் மேல் பேசப்படும் உரையாடலாகவோ நடக்கிறது. ஆகவே இசைக்குழு ஓய்வெடுக்கும் இடம் மிகக் குறைவு.

நான் மிகவும் அஞ்சுவது முன்கூட்டியே பதிவு செய்த இசைத்தடத்தைத்தான். நேரடி இசையில், நடிகர் வசனத்தை முடிக்கும் வரை சிறு இசைப்பகுதி ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காத்திருப்போம். தொழிலில் அதற்கு வேம்ப் என்று பெயர். பார்வையாளர்கள் எதிர்பாராத இடத்தில் சிரித்துவிட்டால் நடத்துநர் ஒரு சுற்று கூடுதலாகக் காத்திருப்பார். நடிகர் உணர்ச்சிவயப்பட்டு ஓரிடத்தில் மூச்சை நீட்டினால் நாங்களும் நீட்டுவோம். பதிவுத் தடத்திலும் ஒருவர் பொத்தானை அழுத்தி வேம்பிலிருந்து வெளியேறச் செய்யும் வசதிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் ஒரு சொல்லுக்குள் வேகம் தளர்ந்து மீண்டும் எழும் அந்த நெகிழ்வைப் பொத்தானால் தர முடியாது. நடிகர் அன்றாடம் பதிவைப் பின்தொடர்ந்தே பழகிவிட்டால், அவருடைய நடிப்பும் நாளடைவில் உறைந்துவிடுகிறது.

பக்கமேடை எழுதியது:

மேடை மேலாண்மையில் இருப்பவள் என்ற முறையில் இசைக்கு வெளியே உள்ள சிலவற்றைச் சேர்க்கிறேன். பெரும்பாலான வட்டாரக் குழுக்களில் ஓர் இசைநாடகத்துக்கு மூன்று அல்லது நான்கு வாரமே ஒத்திகைக் காலம் கிடைக்கிறது. அதற்குள் பாடல்களைக் கற்பிக்க வேண்டும், நடனம் அமைக்க வேண்டும், காட்சிகளைக் கோக்க வேண்டும். நடிகர்களும் முழு இசைக்குழுவும் முதன்முதலாக ஒன்றாக அமர்ந்து பாடிப் பார்க்கும் ஒத்திகை கடைசி நாள்களில்தான் நடக்கும். அதுவரை நடிகர்கள் கேட்டதெல்லாம் ஒரு பியானோ மட்டுமே. ‘ஸ்வீனி டாட்’ போன்ற நாடகத்தில் பியானோவோடு பழகிய காது, திடீரென்று கொம்புகளும் மரக்குழல்களும் வேறு திசையிலிருந்து வரும்போது தன் தொடக்கச் சுரத்தைத் தவறவிடுவது இயல்பு. எனவே இசைக்குழுவைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. அந்தக் கூட்டு ஒத்திகையை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்துவதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். இதைக் குழுக்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

‘ஓக்லஹோமா!’வைப் பற்றி இன்னொரு கவலை உண்டு. முதல் பாகத்தின் முடிவில் வரும் கனவு நடனத்தை 1943-இல் அக்னஸ் டி மில் அமைத்தார். நாயகியின் மனத்துக்குள் உள்ள அச்சமும் விருப்பமும் மோதுவதைச் சொல்லே இல்லாமல் காட்டும் நீண்ட நடனம் அது. மூல அரங்கேற்றத்தில் நாயகன், நாயகி இருவருக்கும் பதிலாகப் பயிற்சி பெற்ற நடனக் கலைஞர்கள் அந்தப் பகுதியில் ஆடினர். நாடகத்துக்கான உரிமம் கிடைத்துவிட்டால் மூல நடன அமைப்பும் தானாகவே கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, அதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டியிருக்கும். புதிதாக அமைப்பதென்றால் தேர்ந்த நடனக் கலைஞர்களைக் குழுப்பாடகர்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நடனத்தைச் சுருக்கிவிடுவது எளிதான வழியாகத் தோன்றலாம். உரிம ஒப்பந்தங்கள் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு பாடலையோ வசனத்தையோ வெட்டவும் மாற்றவும் இடம் தருவதில்லை. அதை மீறினால் நடந்துகொண்டிருக்கும் காட்சிகளையே நிறுத்தச் சொல்லும் உரிமை உரிமம் வழங்கும் நிறுவனத்துக்கு உண்டு.

சிறுமேடை எழுதியது:

முதல்வயலின் அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இசைக்குழுவின் எண்ணிக்கையையே அளவுகோலாக வைப்பதை நான் ஏற்கவில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் இந்த இரண்டு பெரிய நாடகங்களையும் புதுப்பித்துக் காட்டியவை சிறிய அமைப்புகளே.

இங்கிலாந்தில் நியூபரிக்கு அருகே உள்ள வாட்டர்மில் என்ற சிற்றரங்கில் 2004-இல் ஜான் டாய்ல் ‘ஸ்வீனி டாட்’ நாடகத்தைத் தனி இசைக்குழுவே இல்லாமல் மேடையேற்றினார். நடிகர்களே வாத்தியங்களை வாசித்தார்கள். அந்தத் தயாரிப்பு லண்டன் வழியாக 2005-இல் பிராட்வேக்குச் சென்றது. அங்கே பத்து நடிகர்கள் மொத்த இசையையும் சுமந்தார்கள். கொலைகார நாவிதனான ஸ்வீனியின் கூட்டாளியாக, ‘பை’ என்னும் இறைச்சிப் பணியாரக் கடை நடத்தும் திருமதி லவட் பாத்திரத்தில் நடித்தவர் டூபா என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை வாசித்தார். 2006-இல் டாய்லுக்கு இயக்கத்துக்கான, பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதும், வாத்திய அமைப்பைச் செய்த சாரா டிராவிஸுக்கு அதற்கான டோனி விருதும் கிடைத்தன. அதைவிடவும் சிறிதாக, 2014-இல் லண்டனின் டூட்டிங் பகுதியில் ஓர் உண்மையான ‘பை’ பணியாரக் கடைக்குள் அதே நாடகம் மூன்றே வாத்தியக் கலைஞர்களோடு நடந்து, 2017-இல் நியூயார்க்கின் பாரோ ஸ்ட்ரீட் அரங்கை அடைந்தது. பார்வையாளருக்கும் கொலைகாரனுக்கும் இடையே ஒரு மேசை மட்டுமே இருந்த அந்தத் தயாரிப்பில் இசை மெலிந்துவிட்டதாக எவரும் குறை சொல்லவில்லை. நெருக்கமே அங்கே அச்சத்தை உண்டாக்கியது.

‘ஓக்லஹோமா!’வும் அப்படியே. டேனியல் ஃபிஷ் இயக்கி 2019-இல் பிராட்வேக்கு வந்த தயாரிப்பு, ஏழு பேர் கொண்ட நாட்டுப்புற வாத்தியக் குழுவோடு நடந்து, மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருதைப் பெற்றது. பென்னட்டின் இனிமையை நீக்கியபோது அந்தக் கதைக்குள் இருந்த வன்முறையும் ஒதுக்கலும் வெளியே தெரிந்தன. சில நூறு இருக்கைகள் கொண்ட நம் அரங்குக்கு இத்தகைய அணுகுமுறையே பொருந்தும். நம்மிடம் இல்லாத பெருமையைப் போலி செய்வதைவிட, நம் அரங்கின் சிறுமையையே பலமாக்கிக்கொள்வது நேர்மையான வழி.

முதல்வயலின் எழுதியது:

சிறுமேடை அவர்கள் சுட்டிய தயாரிப்புகள் அனைத்தும் சிறந்தவை. அவற்றை நானும் எதிர்க்கவில்லை. அவற்றுக்குள் பொதுவாக இருப்பது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். டாய்லின் தயாரிப்பில் இசைக்குழு குறைக்கப்படவில்லை; நடிகர்களுக்குள் கரைக்கப்பட்டது. ஆகவே நடிகர் தேர்வு, மேடை அசைவு, காட்சிப் பொருள், ஒளியமைப்பு எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தன. ஃபிஷ்ஷின் தயாரிப்பில் பார்வையாளர் பகுதியிலும் விளக்குகள் எரிந்தன, வாத்தியக்காரர்கள் எல்லோரும் காணும்படி அமர்ந்திருந்தார்கள், புதிய வாத்திய அமைப்பு அதற்காகவே எழுதப்பட்டது. டூட்டிங் தயாரிப்பில் அரங்கமே பணியாரக் கடைக்குள் சுருங்கிவிட்டது. மூன்றிலும் ஒலியின் அளவும் காட்சியின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

வட்டாரக் குழுக்களில் நடப்பது இதுவல்ல. ஆடை, அரங்கப் பொருள், நடனக் குழு எல்லாம் பழைய பிராட்வே அளவில் இருக்கும். கடைசியில் வரவுசெலவு இடித்ததும் இசைக்குழுவில் மட்டும் கை வைக்கப்படும். பிறகு ஆறு பேரின் ஒலியை ஒலிபெருக்கி வழியாகப் பதினெட்டுப் பேரின் ஒலியாகப் பெருக்கிக் காட்ட முயல்வார்கள். பார்வையாளருக்கு இதன் தொழில்நுட்பம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பரப்பும் காதுக்கு வரும் பரப்பும் பொருந்தாதபோது ஏதோ ஒன்று குறைகிறது என்பதை அவர் உணர்கிறார், அந்தக் குறையைப் பெரும்பாலும் நடிகர்கள் மீதே ஏற்றிவிடுகிறார். ஆறு பேரோடு செய்யலாம், இருபது பேரோடும் செய்யலாம். எதுவாயினும் அந்த எண்ணிக்கை இயக்குநரின் முதல் நாள் முடிவாக இருக்க வேண்டும்.

சிறுமேடை எழுதியது:

இந்த விளக்கத்தோடு நான் உடன்படுகிறேன். அப்படியென்றால் நம் கேள்வி எத்தனை பேர் என்பதிலிருந்து, அந்த எண்ணிக்கை எப்போது, யாரால் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு நகர்கிறது.

வரவுசெலவு எழுதியது:

லாப நோக்கற்ற கலை அமைப்புகளின் கணக்குகளைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த முடிவு ஏன் தாமதமாகிறது என்பதை விளக்க முயல்கிறேன். உரிமத் தொகை பொதுவாக மூன்று எண்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது: அரங்கின் இருக்கைகள், நுழைவுச்சீட்டின் விலை, காட்சிகளின் எண்ணிக்கை. இதைத் தவிர வசனநூல்களுக்கும் இசைத்தாள்களுக்கும் வாடகை உண்டு. பருவம் முடிந்ததும் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். வணிக அடிப்படையிலான சுற்றுப்பயணக் குழு அதே பகுதிக்கு வரவிருந்தால் வட்டாரக் குழுவுக்கு உரிமம் மறுக்கப்படுவதும் உண்டு. இவற்றில் எதையும் குழுவால் பேரம் பேசிக் குறைக்க முடியாது. நடிகர்களின் ஊதியமும் பெரும்பாலும் தொழிற்சங்க ஒப்பந்தங்களால் வரையறுக்கப்படுகிறது. மீதி இருப்பவை காட்சியமைப்பும் இசைக்குழுவும். காட்சியமைப்பு விளம்பரப் படங்களில் தெரியும், இசைக்குழு தெரியாது. முழு விளக்கமும் இவ்வளவுதான்.

2020-இல் பெருந்தொற்று அரங்குகளை மூடிய பிறகு, முழுப் பருவச் சந்தா கட்டும் பழக்கம் பல இடங்களில் தளர்ந்துவிட்டது. முன்பெல்லாம் பருவம் தொடங்குவதற்கு முன்பே கணிசமான தொகை கையில் இருந்ததால், அறிமுகம் இல்லாத ஒரு நாடகத்தைப் புகழ்பெற்ற மூன்று நாடகங்களின் பணத்தால் தாங்க முடிந்தது. தனித்தனிச் சீட்டுகளை நம்பும் குழு ஒவ்வொரு நாடகத்தையும் தனித்தனியாக வெற்றி பெறச் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த நெருக்கடியிலும் ஒரு புதிய படைப்பைப் பருவத்தில் வைத்திருப்பதற்காகவே குழுவுக்கு ஆதரவு தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மாற்று யோசனையும் உண்டு. வருங்காலப் பருவங்களில் ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நகைச்சுவை இசைநாடக இணையரான கில்பர்ட், சல்லிவனின் படைப்புகளுக்கு ஒதுக்கலாம். ‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்சன்ஸ்’ 1879-இல் அரங்கேறியது. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதன் மூலப் பாடத்துக்கும் இசைக்கும் உரிமத் தொகை இல்லை. மிச்சமாகும் தொகையை அப்படியே வாத்தியக் கலைஞர்களுக்குத் திருப்பலாம். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை: 1980-இல் ஜோசப் பாப் தயாரித்து நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடந்த வடிவத்தின் வாத்திய அமைப்பு புதியது, அதைப் பயன்படுத்தினால் உரிமம் வாங்கியாக வேண்டும்.

மேல்மாடம் எழுதியது:

நான் எப்போதும் கடைசி வரிசைகளில் அமர்பவள், செவித்திறனும் சற்றுக் குறைந்துவிட்டது. ‘ஸ்வீனி டாட்’ பாடல்களில் சொற்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பலர் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடும் இடங்கள் நிறைய. ஒவ்வொரு நாடகத்திலும் குறைந்தது ஒரு நாள் நிகழ்ச்சியிலாவது மேடையோரத் திரையில் பாடல் வரிகளைக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இசைக்குழுவை ஒலிபெருக்கியால் பெருக்குவது பற்றி முதல்வயலின் அவர்கள் எழுதியதோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. பெருக்கப்பட்ட இசைக்கு மேலே குரலையும் பெருக்க வேண்டியிருப்பதால், மேலே அமர்ந்திருப்பவர்களுக்குச் சத்தம் கூடி, சொல் மட்டும் மறைந்துபோகிறது.

நாலாம்வரிசை எழுதியது:

நான்காவது நாடகத்தைப் பற்றி இதுவரை குறைவாகவே பேசியிருக்கிறோம். எனக்கு இந்தப் பருவத்திலேயே மிகுந்த எதிர்பார்ப்பு அதன் மீதுதான்.

இன்று உலகெங்கும் பாடப்படும் இசைநாடகங்களில் பல, பெருநகர அரங்குகளுக்கு வெளியே பிறந்தவை. கனெக்டிகட் மாநிலத்தில் ஆற்றங்கரையில் உள்ள குட்ஸ்பீட் ஆப்ரா ஹவுஸ் 398 இருக்கைகள் மட்டுமே கொண்டது. ‘மேன் ஆஃப் லா மான்சா’ 1965-இல் அங்கேதான் முதலில் மேடையேறியது; ‘ஆனி’ 1976-இல் அங்கே தொடங்கி, மறு ஆண்டு பிராட்வேக்குச் சென்று 2,377 காட்சிகள் நடந்தது. சோன்ட்ஹைமின் ‘இன்டூ தி வுட்ஸ்’ 1986-இல் சான் டியாகோவின் ஓல்டு குளோப் அரங்கில் முதலில் மேடையேறியது. ‘கம் ஃப்ரம் அவே’ கனடாவின் ஷெரிடன் கல்லூரியில் மாணவர்களோடு வளர்ந்து, 2015-இல் லா ஹொய்யா பிளேஹவுஸ், சியாட்டில் ரெப் ஆகிய இரு வட்டார அரங்குகளின் கூட்டுத் தயாரிப்பாக முழு வடிவம் பெற்று, 2017-இல் பிராட்வேயை அடைந்தது. நம் பருவத்தின் இரண்டாவது நாடகமான ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’கூட 2001-இல் சிகாகோவுக்கு அருகே உள்ள நார்த்லைட் என்ற வட்டார அரங்கில் பிறந்ததுதான். ஒரு வட்டாரக் குழு புதிய இசைநாடகத்தை எழுதச் சொல்வதற்கு இதைவிட வலுவான முன்னுதாரணம் வேண்டியதில்லை.

இந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் உண்டு. ‘ஆனி’ குட்ஸ்பீடில் நடந்துகொண்டிருந்தபோதே தலைப்புப் பாத்திரத்தில் நடித்த சிறுமி மாற்றப்பட்டார். பாடல்களும் காட்சிகளும் தொடர்ந்து திருத்தப்பட்டன. புதிய படைப்புக்கு அத்தகைய திருத்தக் காலம் இன்றியமையாதது. நம் குழுவின் அறிவிப்பில் நான்காவது நாடகத்துக்கும் மற்ற நாடகங்களுக்கு உள்ள அதே அளவு நாள்களே ஒதுக்கப்பட்டிருப்பது எனக்குக் கவலை அளிக்கிறது. ஏற்கெனவே நூறு அரங்குகளில் சோதிக்கப்பட்ட நாடகத்துக்கும், இரண்டாம் பாகம் எங்கே தொய்கிறது என்பதே இன்னும் தெரியாத நாடகத்துக்கும் ஒரே கால அளவு நியாயமாகாது.

வரவுசெலவு எழுதியது:

புதிய படைப்புகளுக்கு வணிகத் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே பணம் தந்து, பிறகு பெருநகரத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையைப் பெறுவது இப்போது பரவலான நடைமுறை. அந்தப் பணம் வந்தால் திருத்தக் காலம் நீளும், இசைக்குழு பெருகும். அதே சமயம், எந்தப் பாடல் நீடிக்க வேண்டும் என்பதில் நம் அரங்குக்கு வெளியே இருப்பவர்களின் சொல்லுக்கு எடை கூடிவிடும். குழு அப்படியொரு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தால் அதைத் தன் சந்தாதாரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

பக்கமேடை எழுதியது:

மேலே எழுதப்பட்டவற்றை வைத்து, செயல்படுத்தக்கூடிய ஒரு திட்டத்தை முன்வைக்கிறேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியாக வாத்தியக் கலைஞர்களை அமர்த்துவதற்குப் பதிலாக, பருவம் முழுவதற்கும் ஒரு மையக் குழுவை ஒப்பந்தம் செய்யலாம். ‘தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்’ நாடகத்தின் அமைப்பு ஆறு பேருக்கானது: பியானோ, வயலின், இரண்டு செல்லோ, கிட்டார், பேஸ். அந்த நாடகத்தில் கணவனின் கதை தொடக்கத்திலிருந்து முடிவுக்கும், மனைவியின் கதை முடிவிலிருந்து தொடக்கத்துக்கும் நகர்கிறது. நடுவில் திருமணக் காட்சியில் மட்டுமே இருவரும் ஒரே காலத்தில் சந்தித்துச் சேர்ந்து பாடுகிறார்கள். மேடையில் ஒருவர் தனியாக நின்று, அங்கில்லாத மற்றவரோடு பேசும் நேரமே அதிகம். அத்தகைய இடங்களில் உரையாடலின் மறுபக்கத்தை ஏற்று நடப்பவை அந்த இரண்டு செல்லோக்கள். அந்த ஆறு பேரே மையக் குழு. ‘ஸ்வீனி டாட்’டுக்கு அவர்களோடு மரக்குழல், பித்தளை வாத்தியக்காரர்களைச் சேர்க்கலாம், ஒரே கலைஞர் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் மூன்றையும் மாற்றி மாற்றி வாசிப்பது இத்துறையில் வழக்கமானதே. நான்காவது நாடகத்தின் இசையமைப்பாளர் இந்தக் குழுவின் ஒலியைப் பருவம் முழுவதும் கேட்டபடியே தன் படைப்பை எழுதி முடிக்க முடியும். இந்த ஒரு வாய்ப்புக்காகவே இந்தத் திட்டம் பரிசீலிக்கத் தக்கது என்று நம்புகிறேன்.

இதனால் ஒத்திகையும் எளிதாகும். ஒருவரையொருவர் அறிந்த கலைஞர்கள் இருந்தால் கூட்டு ஒத்திகையின் முதல் மணிநேரம் அறிமுகத்திலும் சமநிலை தேடுவதிலும் கழியாது. நடத்துநர் பருவம் முழுவதும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

முதல்வயலின் எழுதியது:

இந்தத் திட்டத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஒப்பந்தம் பருவம் முழுவதற்கும் என்றால், வாசிப்பவர்களில் பலர் மற்ற வேலைகளை மறுத்துவிட்டு வர முன்வருவார்கள். இப்போது ஒரு நாடகத்தின் நடுவிலேயே மாற்றுக் கலைஞர்கள் வந்து போவதால், ஒவ்வொரு வாரமும் இசை சற்றே வேறுபடுகிறது. அதைச் சரிசெய்யக் கூடுதல் ஒத்திகையும் கிடைப்பதில்லை.

சிறுமேடை எழுதியது:

மையக் குழு யோசனை எனக்கும் ஏற்புடையது. ஆனால் ‘ஓக்லஹோமா!’வில் என் கருத்து மாறவில்லை. அந்த ஆறு பேரோடு சிலரைச் சேர்த்து, பென்னட்டின் அமைப்பைச் சுருக்கி வாசிப்பதைவிட, உரிமம் வழங்கும் நிறுவனத்திடம் சிறிய வடிவம் உள்ளதா என்று கேட்டு, அதற்கேற்பக் காட்சியமைப்பையும் நடனத்தையும் முதலிலிருந்தே சிறிதாகத் திட்டமிடுவதே நல்லது. அத்தகைய வடிவம் கிடைக்காவிட்டால் பருவத்தின் தொடக்க நாடகத்தை மாற்றிவிடலாம். பெயருக்காக அதை வைத்துக்கொண்டு இசையைக் குறைப்பது அந்த நாடகத்துக்கும் நல்லதல்ல, பருவத்தின் முதல் மாலையில் வந்து அமரும் புதிய பார்வையாளருக்கும் நல்லதல்ல.

பக்கமேடை எழுதியது:

நடன விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். கனவு நடனத்தைச் சிறிதாக்கினால் நாயகி எடுக்கும் முடிவுக்கான காரணமே பார்வையாளருக்கு எட்டாமல் போய்விடும். ஃபிஷ்ஷின் தயாரிப்பில் அந்தப் பகுதியை ஒரே ஒரு நடனக் கலைஞர் முன்னின்று ஆடினார். ஆள்கள் குறைந்தார்களே தவிர, அந்தப் பகுதிக்குத் தரப்பட்ட நேரமும் கவனமும் குறையவில்லை. அப்படியொரு கலைஞர் நம் குழுவுக்குக் கிடைப்பாரா என்பதைக் குரல்தேர்வுக்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

நாலாம்வரிசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சந்தாதாரர்கள் சார்பில் குழுவின் கலை இயக்குநருக்கு அனுப்பவிருக்கும் கடிதத்தில் இங்கே எழுந்தவற்றைச் சேர்க்கிறேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் வாத்தியக் கலைஞர்களின் எண்ணிக்கையையும் வாத்திய அமைப்பின் வடிவத்தையும் சந்தா விற்பனைக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. பதிவுத் தடம் பயன்படுத்தப்படுமானால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பக்கமேடை அவர்களின் மையக் குழுத் திட்டத்தையும், இரண்டு கூட்டு ஒத்திகைகள் என்ற யோசனையையும், மேல்மாடம் அவர்கள் கேட்ட பாடல் வரித் திரையையும் தனித்தனிப் பத்திகளாக எழுதுகிறேன். நான்காவது நாடகத்துக்கு, முறையான அரங்கேற்றத்துக்கு முன் பார்வையாளர்களோடு நடத்தும் முன்னோட்டக் காட்சிகளைக் கூட்ட வேண்டும் என்றும், அதற்காக மற்ற மூன்றில் ஒன்றின் காட்சிகளைக் குறைப்பதென்றால் சந்தாதாரர்கள் அதை ஏற்பார்கள் என்றும் எழுதலாமா? யாருக்கேனும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மேல்மாடம் எழுதியது:

எனக்கு மறுப்பில்லை. குறைப்பதென்றால் ‘ஓக்லஹோமா!’வின் காட்சிகளைக் குறையுங்கள். புதிய நாடகத்தைத் திருத்துவதற்கு முன்பு ஒருமுறையும், திருத்திய பின் ஒருமுறையும் பார்க்க எனக்கு விருப்பம்.

முதல்வயலின் எழுதியது:

கடிதத்தை இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். உரிம விண்ணப்பத்திலேயே எந்த வாத்திய வடிவம் வேண்டும் என்று குறிப்பிட வேண்டியிருக்கும். அதற்கேற்ற இசைத்தாள்களே வாடகைக்கு வரும். தொடக்க நாடகத்துக்கான விண்ணப்பம் இன்னும் போகாமல் இருந்தால், சிறுமேடை அவர்கள் கேட்கும் சிறிய வடிவத்தையும் நான் கேட்கும் முழு வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் குழுவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.